பரண்மேல் இருக்கிறது கிறிஸ்துமஸ் ஜோடனை

கிறிஸ்துமஸுக்குச் சாப்பாட்டு மேஜையை ஜோடிக்க வேண்டும் என்று தோன்றியதும் பையைத் தூக்கிக்கொண்டு எம்.ஜி. மார்க்கெட்டுக்கு ஓடாதே, தங்கச்சி. முதலில் பரண்மேல் ஏறு. நம்ம கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் இரண்டு தலைமுறையாவது குடியிருக்கிற வீடாக இருந்தால் அங்கே என்னென்ன கிடக்கும் என்று நான் இங்கிருந்தே சொல்வேன்: ஓரத்தில் நீலக் கோடு போட்ட எனாமல் தட்டுகள், பித்தளைத் தூக்கு, அரிக்கேன் விளக்கு, தகர டிரங்குப் பெட்டி, அதற்குள் ஆயா பின்னிய குரோஷா விரிப்பு, பிஸ்கெட் டப்பா நிறையப் பழைய வாழ்த்து அட்டை. அதிர்ஷ்டம் இருந்தால் தாத்தா சுரங்கத்துக்குள் கொண்டுபோன கார்பைடு விளக்கும் அகப்படும். கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் தோரணம் பெங்களூரிலும் கிடைக்கும், சென்னையிலும் கிடைக்கும். இந்தச் சாமான் தங்கவயல் வீட்டில்தான் கிடைக்கும்.

'தனியாக டைனிங் ரூமே இல்லையே அக்கா' என்று இழுக்காதே. தனிச் சாப்பாட்டு அறை இந்த ஊரில் பங்களாக்காரர்களின் வசதி. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு வந்த வெள்ளைக்கார அதிகாரிகளும், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் மேஜை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்துச் சாப்பிட்டார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து பூமிக்கடியில் இறங்கிய நம்ம ஆட்களுக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வைத்த லைன் வீடு. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்ளேயே. பங்களாவின் பிளம் கேக்கும் லைன் வீட்டு அதிரசமும் ஒரே தட்டில் சேர்ந்துதான் தங்கவயல் கிறிஸ்துமஸ் ஆனது. அதனால், ஹாலின் ஒரு மூலையில் நாலு நாற்காலியோடு மேஜை இருந்தால் அதுதான் உன் டைனிங் ரூம். மேஜையே இல்லையென்றால் டிரங்குப் பெட்டி இரண்டைச் சேர்த்துப் போட்டு ஜமக்காளம் விரி. சுற்றிப் பாய் போட்டு உட்காரலாம்.

முதலில் கணக்கு, பிறகு ஜோடனை

ஒரு ஆள் பக்கத்து ஆளின் முழங்கையில் இடிக்காமல் சாப்பிட 2 அடி அகலம் வேண்டும். தட்டு, டம்ளர், கிண்ணம் வைக்க விளிம்பிலிருந்து உள்ளே ஒன்றேகால் அடி. எதிரெதிராக இரண்டு பேர் உட்கார்ந்தால் 3 அடி அகல மேஜையில் நடுவே மிஞ்சுவது அரை அடிதான். அந்த அரை அடிக்குள்தான் உன் கலையெல்லாம். உயரமும் அப்படித்தான். நடுவில் வைக்கிற பொருள் ஒரு அடிக்கு மேல் போனால் எதிரில் இருக்கிற அத்தை முகம் தெரியாது. (அதுவும் நல்லதுதான் என்று நீ சொல்வாய். வேண்டாம், பண்டிகை நாள்.) மேஜையில் இடம் கிடைக்காதது சுவருக்கும் ஜன்னலுக்கும் மேலே விட்டத்துக்கும் போகட்டும். பிரியாணி அண்டா வந்ததும் ஜோடனையை அள்ளிக் கட்டில்மேல் போடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியில் யாரும் பார்க்காத ஜோடனைக்கு ஒரு வாரம் உழைத்திருப்பார்கள்.

பழசைத் துலக்குகிற விதம்

பித்தளைக்குப் புளியும் கல்லுப்பும் போதும். புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசிப் பத்து நிமிஷம் விட்டுத் தேய்த்துக் கழுவு. கழுவின கையோடு துணியால் துடைக்க வேண்டும். தானாகக் காயட்டும் என்று விட்டால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். கடையிலிருந்து வந்தது மாதிரி மின்ன வேண்டும் என்று மெனக்கெடாதே. இடுக்குகளில் லேசான கருமை இருந்தால்தான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: உள்ளே ஈயப்பூச்சு போன பாத்திரத்தில் தயிர்ப்பச்சடி, எலுமிச்சை ஜூஸ், வீட்டுத் திராட்சை ஒயின் எதையும் ஊற்றாதே. புளிப்புப் பட்டால் களிம்பு இறங்கும். அதில் பூ வை, போதும்.

எனாமல் தட்டில் சில்லு பெயர்ந்து கறுப்பாக இரும்பு தெரிந்தால் அதில் சாப்பாடு வேண்டாம். நல்லதாக இருக்கிற தட்டில் சாப்பிடலாம், பெயர்ந்த தட்டு மெழுகுவத்திக்கு. தட்டு நடுவில் மெழுகு சொட்டி, அதன்மேல் வத்தியை நிறுத்தி, சுற்றிலும் நீலகிரி மரத்துக் காய்களைக் கொட்டினால் கடையில் ஐந்நூறு ரூபாய் சொல்கிற சாமானைவிட நன்றாக இருக்கும்.

கார்பைடு விளக்கு இருந்தால் அதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். அதன் கீழ் அறையில் கார்பைடு கல் இருக்கும். மேல் அறையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதன்மேல் விழும். இரண்டும் சேர்ந்து அசெட்டிலின் வாயு வரும். அதைக் கொளுத்தினால் வெள்ளை வெளிச்சம். சாப்பாட்டு அறையில் அதை ஒருபோதும் ஏற்றிப் பார்க்காதே, 'சும்மா பிள்ளைகளுக்குக் காட்ட' என்றும் வேண்டாம். உள்ளே வெள்ளைப் பொடியோ கல்லோ ஒட்டியிருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு வாசலில் வைத்துத் திற, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடை. பிறகு பேட்டரியில் எரிகிற குட்டி எல்.இ.டி. ஒன்றை அதன் முகத்தில் செருகிவிடு. பக்கத்தில் ஒரு அட்டையில் தாத்தா பெயரையும், அவர் சாம்பியன் ரீஃபில் இறங்கினாரா, நந்திதுர்க்கிலா, மைசூர் மைனிலா என்பதையும் எழுதி வை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடின பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இப்போது மேஜையைச் சுற்றி உட்காரப் போகிறார்கள். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் என்று சொன்னால் சினிமா கதை என்று நினைப்பார்கள். விளக்கைக் கையில் கொடுத்துச் சொல், கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள்.

அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் வேண்டாம். சிம்னியைக் கழுவித் துடைத்து, உள்ளே சீரியல் லைட்டைச் சுருட்டி வை. டிரங்குப் பெட்டியைச் சுவரோரமாகப் போட்டால் பக்க மேஜை ஆகிவிடும். கேக்கும் கல்கலும் அங்கே. ஹார்லிக்ஸ் பாட்டில், கோலி சோடா பாட்டில் எல்லாம் பூச்சாடிதான், விளக்கம் வேண்டியதில்லை.

ஆயாவின் குரோஷா விரிப்பு மஞ்சளடித்திருந்தால் பிளீச்சிங் தண்ணீர் பக்கம் போகாதே. பழைய நூல் இற்றுப்போகும். லேசான சோப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, கசக்காமல் அலசி, வெள்ளைத் துண்டின்மேல் பரப்பி வெயிலில் காயவை. கொடியில் தொங்கவிட்டால் ஈர கனத்தில் வடிவம் இழுத்துக்கொள்ளும். மொடமொடப்புக்குச் சர்க்கரைத் தண்ணீர் என்று சிலர் சொல்வார்கள். நம்ம ஊர் எறும்பை அவர்களுக்குத் தெரியாது. அரிசிக் கஞ்சிதான் சரி. விரிப்பு கிழிந்துபோயிருந்தால் நல்லதாக இருக்கிற பூக்களை மட்டும் வெட்டியெடுத்து, விளிம்பை ஊசிநூலால் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைத்து, ஜன்னலில் நூலில் தொங்கவிடு. குரோஷா இல்லாத வீட்டில் அம்மாவின் பழைய பட்டுப்புடவை இருக்கும். உடம்பு நைந்தாலும் பார்டர் நைவதில்லை. அந்தப் பார்டரை மேஜை நீளத்துக்கு நடுவில் ஓடவிடு. மேலே குழம்பு சிந்தும் என்பதால் சோறு பரிமாறும்போது அதைச் சுருட்டி எடுத்துவிட்டு, கேக் வெட்டும்போது மறுபடி விரி.

பச்சைக்கு அலைய வேண்டாம்

சவுக்குக் கிளைதான் நம்ம கிறிஸ்துமஸ் மரம். ஆனால் வாங்கின மூன்றாம் நாளே கொட்ட ஆரம்பிக்கும் என்பதால் சாப்பாட்டு மேஜைக்கு அது ஆகாது. குழம்பில் ஊசி ஊசியாக விழும். அதை ஹால் வாசலில் ஈரமண் வாளியில் நட்டு நிறுத்து. மேஜைக்கு நான் சொல்வது நீலகிரி மரத்து இலை. கோலார் மாவட்டத்தில் அது இல்லாத பக்கம் உண்டா? நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று விவசாயிகள் திட்டுகிற மரம், கிறிஸ்துமஸுக்காவது உதவட்டும். இளம் கிளையில் இலை சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும், காய்ந்தாலும் நிறம் அதிகம் மாறாது, கொட்டாது. சணல் கயிற்றில் கொத்துக் கொத்தாகக் கட்டி மேஜையின் நடுவே நீளவாக்கில் படுக்கவை. வாசனை தூக்கலாக இருந்தால் முதல் நாளே வெட்டி வாசலில் வைத்து ஆறவிட்டு உள்ளே கொண்டுவா. இலை சாப்பாட்டில் படாமல் பார்த்துக்கொள்.

அதே இலையை வட்டமாகக் கட்டினால் திருவருகைக்கால வளையம். நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு மெழுகுவத்தி: மூன்று ஊதா, ஒன்று ரோஸ். 1839-ல் ஹாம்பர்க் நகரத்தில் யோஹான் ஹின்ரிஷ் விக்கர்ன் என்ற பாதிரியார், 'கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ' என்று நச்சரித்த ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நாள் எண்ணிக் காட்டவே மெழுகுவத்தி வளையத்தைச் செய்தாராம். ஊதா மெழுகுவத்தி கிடைக்காவிட்டால் வெள்ளை வத்தியைச் சுற்றி டிசம்பர் பூ வை. நிறம் அதேதான், மாதமும் அதேதான்.

டிசம்பர் 10 வாக்கில் கேழ்வரகு விதைத்துவிடு. ஒரு கைப்பிடியை ராத்திரி ஊறவைத்து, எனாமல் கப்பிலோ தேங்காய்ச் சிரட்டையிலோ ஒரு அங்குல மண் போட்டு மேலே நெருக்கமாகத் தூவி, ஈரத்துணி மூடி வை. முளை விட்டதும் துணியை எடுத்து வெளிச்சத்துக்கு நகர்த்து, காலையில் தண்ணீர் தெளி. முளைப்பாரி போட்ட கைக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டுமா? நம்ம டிசம்பர் குளிரில் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், ஆனால் பண்டிகைக்குள் பச்சைப்பசேல் என்று நிற்கும். பெரிய தட்டில் வளர்த்தது குடிலுக்குப் புல்தரை. கப்பில் வளர்த்தது ஒவ்வொரு தட்டின் முன்னாலும் ஒன்று.

குடில் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், இதைக் கேட்காவிட்டால் எனக்குக் கோபம் வரும். குடிலுக்கு மணல் வேண்டும் என்று பிள்ளைகளை சயனைடு மேட்டுக்கு அனுப்பாதே. மாவு மாதிரி நைசாக, பாலைவனம் மாதிரி அழகாகத்தான் இருக்கும் அந்த மண். பாறையைப் பொடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டின கழிவு அது. நைசான அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதே நுரையீரலுக்குக் கெடுதல். அதைக் கொண்டுவந்து சோறு போடுகிற அறையில் பரப்புவதா? ஆற்று மணலோ, சலித்த செம்மண்ணோ, மரத்தூளோ போதும். அதுவும் இல்லையென்றால் பழைய கோணிப்பையை மடித்துப் போடு. குழந்தை இயேசு சொரூபத்தை 24-ம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த பிறகு வைக்கிற வழக்கத்தை மட்டும் விடாதே. அதை வைக்கிற வேலை வீட்டிலேயே சின்னப் பிள்ளைக்கு.

காகித வேலை

ஸ்டாரை வீட்டிலேயே கட்டு. பிளாஸ்டிக் ஸ்டார் அடுத்த டிசம்பருக்குள் மடங்கிக் கிழிந்துவிடும். மூங்கில் ஸ்டாருக்கு வருஷா வருஷம் காகிதம் மட்டும் மாற்றினால் போதும். வேண்டியது 2 அடி நீளத்தில் 10 மூங்கில் பிளாச்சு, நாலு அங்குல நீளத்தில் 5 துண்டு, நூல், மைதா பசை, பட்டம் விடுகிற காகிதம். 5 பிளாச்சை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்து ஐந்து முனை வருகிறபடி கட்டினால் ஒரு ஸ்டார். இதே போல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டு. இப்போது நடுவில் பிளாச்சுகள் வெட்டிக்கொள்கிற ஐந்து இடங்களிலும் சின்னத் துண்டுகளை இரண்டு ஸ்டாருக்கும் இடையே நெட்டுக்குத்தாகச் செருகு. வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். பிளாச்சு உடையாமல் வளைய வேண்டுமானால் ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு எடு. பல்பு நுழைக்க ஒரு பக்கம் காகிதம் ஒட்டாமல் விடு. காகித ஸ்டாருக்குள் பழைய குண்டு பல்பு கூடாது, சூட்டில் பற்றிக்கொள்ளும். 3 வாட் எல்.இ.டி. போதும். உலகம் முழுக்கத் தொங்குகிற பல முனைக் காகித நட்சத்திரம் ஜெர்மனியில் மொராவியன் சபைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் பாடத்துக்காகப் பிள்ளைகள் செய்ததாம். உன் மகனுக்கு ஜியோமெட்ரி வராது என்று புலம்புகிறாயே, ஸ்டார் கட்ட அவனை உட்காரவை.

வாழ்த்து அட்டைகள். லண்டனில் ஹென்றி கோல் 1843-ல் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்ததிலிருந்து வாட்ஸ்அப் வருகிறவரை ஓடின பழக்கம் இது. டப்பாவில் கிடக்கிற அட்டையின் படத்தை விட, உள்ளே இருக்கிற கையெழுத்துதான் பொக்கிஷம். ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்ட பக்கத்து வீட்டு ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் அனுப்பினது, மும்பைக்கு வேலைக்குப் போன மாமா அனுப்பினது என்று ஒவ்வொன்றும் ஊர் விட்டுப் போனவர்களின் கணக்கு. ஒட்டவோ ஓட்டை போடவோ செய்யாதே. சணல் கயிற்றைச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே கட்டி, மர கிளிப்பால் தொங்கவிடு. இரண்டு மூன்றை உள்பக்கம் தெரிகிறபடி திறந்து மாட்டு. சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்து போய்ப் படிப்பார்கள், கை கழுவுகிற இடத்தில் நெரிசலும் குறையும்.

பங்களா மேஜைகளில் கிறிஸ்துமஸ் கிராக்கர் ஒரு ஐட்டம். டிஷ்யூ ரோல் உருளையில் மிட்டாயும் ஒரு விடுகதைச் சீட்டும் போட்டு, கிரேப் பேப்பர் சுற்றி, இரண்டு பக்கமும் நூலால் கட்டினால் ஆயிற்று. வெடிக்காது. 'டப்' என்று நீயே வாயால் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

வெளிச்சம்

சிவசமுத்திரத்திலிருந்து 1902-ல் நேராகத் தங்கவயலுக்குத்தான் கரண்ட் வந்தது. பெங்களூர் தெருவிளக்கே 1905-ல்தான். அந்தப் பெருமையில் ஒரே பிளக்கில் ஆறு சீரியல் லைட்டைச் சொருகாதே. மஞ்சள் வெளிச்சம் தருகிற ஒரு சரம், மேஜைக்கு மேலே அரிக்கேனில், ஜன்னலில் ஸ்டார், மேஜையில் மெழுகுவத்தி. மினுக்கி மினுக்கி எரிகிற கலர் சரம் வாசலோடு நிற்கட்டும், சாப்பிடுகிற இடத்தில் கண் வலிக்கும். மெழுகு விரிப்பில் சொட்டிவிட்டால் ஐஸ் துண்டு வைத்து இறுகவிட்டுச் சுரண்டு, மிச்சத்துக்குமேல் பழுப்புக் காகிதம் வைத்து லேசான சூட்டில் இஸ்திரி போடு, காகிதம் மெழுகை இழுத்துக்கொள்ளும்.

சாப்பாடும் ஜோடனையில் சேர்த்தி

ரோஸ் குக்கீஸ் மாதிரி ஜோடனை எந்தக் கடையில் இருக்கிறது? கண்ணாடி பாட்டிலில் அடுக்கி, கழுத்தில் சிவப்பு நூல் கட்டு. கல்கலை எனாமல் கிண்ணத்தில் குவி. கமலா ஆரஞ்சு மலிந்து கிடக்கிற மாதம். நாலு பழத்தில் கிராம்பை வரி வரியாகக் குத்திப் பித்தளைத் தட்டில் வைத்தால் அறையே மணக்கும். தொட்டாலே கிராம்பு வளைகிறது என்றால் முதலில் ஊசியால் துளை போடு. மஞ்சள் தேங்காய்ச் சோறும் கைமா உருண்டைக் குழம்பும் செய்கிறாய் என்றால் அந்த நிறமே போதும், பாத்திரத்தைச் சுற்றி ரிப்பன் கட்டாதே. அளவும் பக்குவமும் வேண்டுமென்றால் நம்ம ஊரில் பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் ஆங்கிலோ-இந்தியச் சமையலுக்குப் புத்தகங்களே போட்டிருக்கிறார், அதைப் பார்.

எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள், அது உனக்கே தெரியும். பெங்களூர் ரயிலில் வருகிறவர்கள் பதினோரு மணிக்கு, அண்ணன் குடும்பம் இரண்டு மணிக்கு, கேரல் பாடிவிட்டுத் தொண்டை கட்டின பையன்கள் நினைத்த நேரத்துக்கு. அதனால் பெயர் எழுதின அட்டையை ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் வைக்கிற பங்களா பழக்கம் நமக்குச் சரிப்படாது. அதற்குப் பதில் டம்ளரில் பெயர்ச் சீட்டைக் கட்டு. எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் டம்ளர் கூடவே வரும், உனக்கும் கழுவுகிற டம்ளர் மிச்சம்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள்வரை எல்லாம் இருக்கட்டும், மறுநாள் இறக்கிவிடு. இலையும் கேழ்வரகும் உரக்குழிக்கு. ஸ்டாரின் காகிதத்தைக் கிழித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் ஆணியில் மாட்டு. குரோஷாவைக் கஞ்சி போக அலசிக் காயவைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும், கஞ்சியோடு வைத்தால் பூச்சி தின்னும். மடிக்காதே, செய்தித்தாளை உருளையாக்கி அதன்மேல் சுற்று.

இன்னொன்று. சுரங்கம் மூடின பிறகு கை முடைக்கு எங்கள் தெருவிலேயே எத்தனையோ வீட்டுத் தூக்கும் செம்பும் எடைக்குப் போயின. யாரையும் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு நிலைமை அப்படி. இன்றைக்கு அந்த அவசரம் இல்லை. பரணைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று பழைய சாமான்காரரை நீ கூப்பிடுவதாக இருந்தால், அவர் வந்து தராசைத் தூக்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு.